மூன்றடி தூரம்

“குடைக்காரங்க எல்லாம் கடைசி வரிசை, பெரியவரே!” என்றான் ஊர்வல அதிகாரி, பட்டியலிலிருந்து தலையைத் தூக்காமலே.

பெரியவர் தன் கையிலிருந்த கறுப்புக் குடையைப் பார்த்தார். வெயிலோ மழையோ, மகாராணி வெளியே கிளம்பினால் அந்தக் குடையும் கிளம்பிவிடும். இன்றைக்கும் பழக்கதோஷத்தில் கை தானாக எடுத்து வந்துவிட்டது.

அதிகாரி இடத்துக்குப் புதுசு. மகாராணியின் இறுதி ஊர்வலத்துக்காக வேறு இலாகாவிலிருந்து முந்தாநாள்தான் அவனைப் பிடித்துப் போட்டிருந்தார்கள். தூக்கம் கெட்டு, யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுந்தான்.

“எத்தனை வருஷ சர்வீஸ்?”

“நாப்பத்திரண்டு வருஷமா அவங்க பின்னாடிதான் நடக்கிறேன், தம்பி. மூணடி தள்ளி. அரண்மனை முறை அப்படி.”

“அப்புறமென்ன, முறை தெரிஞ்சவர்தானே? போய் நில்லுங்க.”

பெரியவர் நகரவில்லை. காலையிலிருந்து மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்ததை ஒருவழியாக வெளியே விட்டார். “இன்னைக்கு ஒரு நாள் மட்டும்... பெட்டிக்குப் பக்கத்துல நடந்து வரலாமான்னு கேட்கத்தான் வந்தேன்.”

“நல்லாயிருக்கே! ஆசைக்கும் ஓர் அளவு வேணாமா?” அதற்குள் போன் அடித்தது. “என்னது, முதல் வரிசையில ஒருத்தரைக் காணோமா? நல்லாத் தேடுங்க சார், என் உயிரை எடுக்காதீங்க!”

பெரியவர் கடைசி வரிசையைப் பார்த்து நடந்தார். எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை.

போகிற வழியில் சுவர் நெடுக மகாராணியின் படங்கள். பாலம் திறக்கிறார், ஆஸ்பத்திரி திறக்கிறார், கப்பலை வழியனுப்புகிறார். எல்லாவற்றிலும் அவருக்குப் பின்னால் ஒரு தோள், ஒரு காது, அரைக் குடை. பெரியவர் அவ்வளவுதான் விழுந்திருந்தார்.

கடைசி வரிசைக்கு இன்னும் யாரும் வந்து சேரவில்லை. தூணோரமாகத் தனியாக நின்றார். மூன்றடி தள்ளியே நடந்ததில் மகாராணியின் பிடரி அவருக்கு மனப்பாடம். இடது முழங்கால் வலித்தால் தோள் லேசாகச் சாயும், அதுவும் தெரியும். ஒரு தடவையாவது நின்று, திரும்பிப் பார்த்து, கூட வரச் சொல்ல மாட்டாரா என்று எத்தனையோ நாள் ஏங்கியிருக்கிறார். ராணி நிற்கக் கூடாது, திரும்பக் கூடாது. அதுவும் முறைதான்.

அந்த ஏக்கம் இன்றோடு முடிந்தது.

மணி பத்தைத் தாண்டியும் பேண்டு வாத்தியம் ஆரம்பிக்கவில்லை. பெட்டி வாசலை விட்டு அசையவில்லை. திடீரென்று ஒரே காலடிச் சத்தம். நாளைக்கு முடிசூடப்போகிற இளவரசியே மூச்சிரைக்க ஓடி வந்தாள். அவள் கையில் அப்போதுதான் பிரித்த ஒரு கடிதம். பின்னாலேயே முகம் வெளிறிப்போய் அந்த அதிகாரி.

இளவரசி பெரியவர் கையிலிருந்த குடையை வாங்கி அதிகாரியிடம் நீட்டினாள். அவர் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

“அப்பா, இங்க ஏன் நிக்கிறீங்க? நீங்க பக்கத்துல வந்தாத்தான் கிளம்புவேன்னு அம்மா எழுதி வச்சிருக்காங்க!”