ரத்தத்திலேயே இருக்குது

குடிப்பழக்கம் பரம்பரையாக வருகிறதா என்று ஆராய ராசிபுரத்துக்கு ஒரு டாக்டர் குழு வந்திருப்பது தெரிந்ததும் கதிர்வேலுக்குக் கால் தரையில் பாவவில்லை. வருடக்கணக்காக மனைவி சரிதாவிடம் அவன் சொல்லிவந்ததும் அதுதானே. ரத்தம் கொடுக்க அப்பா மருதாசலத்தையும், பக்கத்தில் நின்று கேட்க அவளையும் கையோடு அழைத்துப் போனான்.

"எங்கப்பனுங் குடிப்பாருங்க, நானுங் குடிக்கிறேனுங்க. ரத்தத்துலயே இருக்குதுங்க. நான் என்னங்க பண்ணட்டும்?"

டாக்டரம்மா படிவத்தை எடுத்தார். "எத்தனை வருஷமா குடிக்கிறீங்க?"

"பத்து வருசமாங்க."

"ஐயா, நீங்க?"

மருதாசலம் தலையைச் சொறிந்தார். "எட்டு வருசமாச்சு சாமி."

டாக்டரம்மாவின் பேனா நின்றது. "பையனுக்கு அப்புறமா?"

"ஆமாஞ்சாமி. தெனமும் பொழுதோட இவனை பார்ல இருந்து கூட்டியாரப் போவேன். இவன் முடிக்கிற வரைக்கும் எத்தனை நாளைக்குத்தான் சும்மா உக்காந்திருக்கறது?"



சரிதா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கையை நீட்டினாள்.

"எனக்கும் இப்பவே எடுத்து வெச்சுக்குங்க டாக்டரம்மா. போன மாசத்துல இருந்து இவங்க ரெண்டு பேரையும் கூட்டியார நாந்தானுங்க போறேன்."