சனம் நிற்கும் பக்கம்

“இதுக்கா புள்ள இவ்வளவு கதிரை இறக்கின நாம? கழுத்தறுத்த கோழி மாதிரி ஒருத்தி சுத்திச் சுத்திக் கிறுகுறத்தப் பாக்கவா?”

கூட்டத்துக்குப் பின்னால் நின்று நல்லரத்தினம் முணுமுணுத்தார். கூட வேலை செய்யும் சீதேவிப்பிள்ளை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். காலையிலிருந்து நாவற்குடா வாவிக்கரையில் புல் வெட்டிக் கதிரை சுமந்ததில் இருவருக்கும் முதுகு விட்டுப் போயிருந்தது.

நடுவில் ஆட்டக்காரி கஜானி தனியாக ஆடிக்கொண்டிருந்தாள். பாட்டில்லை, மேளமில்லை, மேடையுமில்லை. ஒத்திகை பார்க்காமல், இடத்தையும் சனத்தையும் பார்த்து அந்தந்த நேரத்துக்கு வந்தபடி ஆடுவாளாம்.

“படிக்காமச் சோதினைக்குப் போன கதைதான்,” என்றார் நல்லரத்தினம். “கண்ணப் பாரன். எவடத்த சனம் வாயப் பிளக்குதோ அவடத்த பாயிறாள். ஆரும் போனப் பாத்தா அவன்ட காலடியில போய் விழுறாள். ஆட்டமெண்டா தன்னை மறக்க வேணும்.”

“உங்களுக்கு வாறமாதிரி ஆருக்கு அண்ணன் வரும்?”

அவள் பகிடிக்குச் சொல்லவில்லை. வைகாசிச் சடங்கில் அம்மன் உருவேறி, வேப்பங்குழையோடு ஆடி வாக்குச் சொல்கிறவர் நல்லரத்தினம். சீதேவிப்பிள்ளையின் மகள் தனுஷியாவைத் தன்னாமுனைப் பொடியனுக்குக் கொடுக்காதே என்று அவர் வாயால்தான் அம்மன் சொல்லியிருந்தாள். தனுஷியாவோ அவனைத் தவிர வேறு ஒருவனையும் கட்டமாட்டேன் என்று சுருண்டு கிடக்கிறாள். பொழுது படுமுன் அந்த மாப்பிள்ளை வீட்டுக்கு மறுமொழி சொல்ல வேண்டும்.

“பொடிச்சி சோறு தண்ணி இல்லாம அழுறாள் அண்ணன்.”

“அழட்டும். அம்மாளுக்குத் தெரியாதது உன்ட மகளுக்குத் தெரியுமா? வேணாமெண்டு சொல்லிப்போடு. மறுகா யோசிக்காத.”

ஆட்டம் முடிந்தது. கைதட்டலுக்கு நடுவே கஜானி வியர்வை வடிய இவர்களிடம் வந்து, நல்லரத்தினத்தைக் கும்பிட்டாள்.

“நல்லா இருந்ததா ஐயா? உங்களப் பாத்துப் படிச்சதுதான்.”

“என்னையா?”

“உங்கட சடங்கு வீடியோவப் போட்டுப் போட்டுப் பாத்தனான். அரைக்கண்ணால சனத்த அளக்கிறது, சலிச்ச பக்கம் போய் விழுறது, களைச்சா உடுக்குக்காரருக்குக் கண் காட்டுறது... வாக்குச் சொல்லமுன்னம் கேக்கிற ஆள்ட முகத்த ஒருக்கா பாப்பீங்களே, அந்தக் கவனம் எனக்கு இன்னும் வரயில்ல ஐயா.”

நல்லரத்தினம் ஆள் எழும்பாத கதிரை ஒன்றைப் பிடித்து இழுத்தார்.

சீதேவிப்பிள்ளை அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு போனை எடுத்து மாப்பிள்ளையின் தாயை அழைத்தாள்.

“மச்சாள், எங்களுக்குச் சம்மதம். நாளைக்கே வாங்க. என்னது, அம்மாள்ட வாக்கா? அம்மாள் இஞ்சதான் கதிரை அடுக்கிக்கொண்டு நிக்கிறா.”