சுண்ணாம்பு அடித்த சுவர்

பேசிக்கொண்டே நடக்க வேண்டும், பேச்சு நின்றால் நடையும் நிற்க வேண்டும் என்பது பெரியகருப்பனுக்கு டாக்டர் போட்ட உத்தரவு.

இருதயத் தசை தடித்துப்போன ஆள். இனிமேல் வெங்காய மூட்டை தூக்கக்கூடாது. சும்மா முடங்கியும் கிடக்கக்கூடாது. துணையில்லாமல் எங்கும் போகக்கூடாது.

துணைக்கு வீட்டில் இருந்தது பெண்டாட்டி ஒச்சாயி ஒருத்திதான். அவளோடு அவர் பேசுவதை விட்டு இரண்டு வருடம் ஆகிறது.

அதற்கும் ஒரு வழி கண்டார். மலைக்கோட்டையைச் சுற்றிவரும் தெருவில் கண்ணில் பட்ட போர்டையெல்லாம் வாய்விட்டு வாசித்தபடி நடந்தார். வயது போனபிறகு எழுத்துக்கூட்டப் பழகியவர். அதனால் ஒரு போர்டே வெகுதூரத்துக்கு வந்தது.

“வா... வாடகைக்கு... விடப்படும்.”

ஒச்சாயி காதைத் தீட்டிக்கொண்டு பின்னால் வந்தாள். அர்த்தம் அவளுக்கு வேண்டியதில்லை. குரல் கேட்டால் போதும்.

“என்னண்ணே, மதினிக்குப் பாடம் நடத்துறீகளா?” என்றான் டீக்கடை பழனிக்குமார்.

“டீ, காபி, போண்டா,” என்று அவன் போர்டையும் வாசித்துவிட்டுப் போனார் பெரியகருப்பன்.

மலைக்குப் பின்பக்கம் திரும்பினால் கடை கிடையாது. ஒரு நீளச் சுவர் மட்டும். நேற்றுவரை அதில் கல்யாணமும் கண்ணீர் அஞ்சலியுமாகப் போஸ்டர் நிறைந்திருந்தது. இன்று யாரோ சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள்.

அவர் குரல் நின்றது. கால் நிற்கவில்லை.

மூச்சா, வீம்பா? ஒச்சாயிக்குப் பிடிபடவில்லை. ஓடிப்போய் முன்னால் மறித்தாள்.

“ஏங்க, மூச்சு முட்டுதா? என்னைய வையவாச்சும் செய்யுங்க.”

அவர் வைதது ஒரே தடவைதான். போலீஸ் வேலைக்கு ஓடிப் பழகிய மகன் சிவபிரகாஷ், மைதானத்தில் விழுந்து செத்த அன்று. விடியுமுன் எழுப்பி எழுப்பி ஓடவிட்டது நீதானே என்று கேட்டார். அதோடு சரி.

போன மாதம் மூட்டையோடு அவரும் மயங்கி விழுந்தார். இது வழிவழியாக வருவது, பையனுக்கும் உங்களிடமிருந்துதான் போயிருக்கும் என்றார் டாக்டர். அந்நேரம் ஒச்சாயி மாத்திரை வாங்க வரிசையில் நின்றிருந்தாள். வந்தவளிடம் அவர் எதுவும் சொல்லவில்லை.

பெரியகருப்பன் நின்றார். சுவரைப் பார்த்தபடி எழுத்துக்கூட்டினார்.

“பய... அப்பன்கிட்டருந்து... வந்த நோவுல... போயிட்டான். ஒச்சாயி மேல... குத்தமில்ல.”

எழுத்து அறியாத ஒச்சாயி திரும்பி அந்த வெள்ளைச் சுவரைப் பார்த்தாள்.

“அதுக்குக் கீழ என்ன போட்டிருக்கு?” என்றாள்.