பதியாமல் விட்டது

நல்லுசாமியிடம் மல்லிகைத் தோட்டம் வாங்கிய மிக்கேல்ராஜ், பதிவுச் செலவு தண்டம் என்று பத்திரத்தைப் பீரோவில் பூட்டிவைத்தார். அந்தக் கெட்டிக்காரத்தனத்தை நிலக்கோட்டைப் பூச்சந்தை முழுக்கப் பீற்றிக்கொண்டும் திரிந்தார். நல்லுசாமி செத்தபோது சுடுகாடு வரை தோள்கொடுத்தவரும் அவர்தான்.

இன்று காலை தோட்டத்துக்குப் போனால், நல்லுசாமி மண்வெட்டியோடு நின்று தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருக்கிறார்.

மிக்கேல்ராஜ் வரப்பிலேயே நின்றுவிட்டார். “அண்ணே... நீங்களா?”

“பட்டா எம்பேருலதான அப்பு இருக்கு? நான் பாக்காம யாரு பாப்பா?”

“உங்க மகன்கிட்ட எழுதி வாங்கி நாளைக்கே பதிஞ்சிடுறேன். போயிருங்கண்ணே!”

“போறேன். குடியிருக்கிற வீட்டையும் இப்படித்தான வாங்குன? அதை வித்த இஞ்ஞாசியம்மா எனக்கு முந்தியே போய்ச் சேர்ந்துச்சுல்ல, அதுவும் எங்கூடத்தான் வந்துச்சு.”

சட்டைப்பையில் செல்போன் அடித்தது. மனைவி.

“ஏங்க, யாரோ ஒரு அம்மா நம்ம அடுப்படியில நிக்குது. எம்வீட்ல நீ யாருடின்னு என்னையக் கேக்குது.”