கேபிள் கழண்ட கதை

'டெரல் ஃபிங்க்'னு பலகை வெச்ச மேஜையில உக்காந்து கையெழுத்துப் போட்டுட்டிருந்தது எங்க காலேஜ் பஸ் டிரைவர்.

சத்தியமா அவரேதான். சூப் டம்ளரோட ஏறினேன்னு போன வாரம் என்னைக் கொட்டற ஸ்னோவுல இறக்கிவிட்ட மனுஷன். அந்த மூஞ்சியை நான் மறப்பேனா?

டெரல் ஃபிங்க் யாருன்னு கேக்கறீங்களா? தெரியாதவங்க குடுத்து வெச்சவங்க. எண்பத்தாறுல 'ஜாய்ஸ்டிக் ஜெரால்ட்'னு ஒரு படம் வந்துச்சு. பன்னெண்டு வயசுப் பையனை வீடியோ கேம் மெஷின் முழுங்கிடும். உள்ள ஒரு வில்லன், வாஷிங் மெஷின் பைப்பைக் கையா மாட்டிக்கிட்டு வருவான். அவனை ஜெயிச்சாத்தான் பையன் வெளிய வர முடியும். கிளைமாக்ஸ்ல பையன் பல்லைக் கடிச்சுக்கிட்டு ஜாய்ஸ்டிக்கை ஆட்டு ஆட்டுன்னு ஆட்டி உலகத்தையே காப்பாத்துவான். ஆனா அந்த ஜாய்ஸ்டிக்கோட கேபிள் எதுலயும் சொருகாம காத்துல தொங்கிட்டிருக்கும்.

அந்தப் பையனா நடிச்சவர்தான் டெரல் ஃபிங்க். நடிச்சது அந்த ஒரே படம். அதுக்கப்பறம் ஆளையே காணோம்.

இந்தக் கண்றாவியை எங்க ஈரி ஊர்த் தியேட்டர்ல வருஷா வருஷம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் போடுவாங்க. கேபிள் தொங்கறப்ப மொத்த ஜனமும் எழுந்து நின்னு, "சொருகுடா ஜெரால்ட்"னு கத்தும். முதல் குரல் எங்க அம்மாவோடது. பல் டாக்டர் ஆபீஸ்ல மரியாதையா வேலை பாக்கற பொம்பளை, அன்னிக்கு மட்டும் ஜெரால்ட் மாதிரி வெள்ளிக் கலர் மேலங்கி மாட்டிக்கும்.

என் பேர் ஜெரால்டின். ஏன்னு நான் வேற சொல்லணுமா?

இந்த வருஷம் தியேட்டர் ஓனர் வால்ட், டெரல் ஃபிங்க்கையே கூட்டிட்டு வர்றேன்னு போஸ்டர் ஒட்டிட்டார். அம்மாவுக்கு ஒரு மாசமா சோறு தண்ணி இல்ல. அவர்கிட்ட கேக்க ஒரே ஒரு கேள்வி இருக்காம். சின்ன வயசுலேருந்து நெஞ்சுக்குள்ள வெச்சிருக்காங்களாம்.

அன்னிக்குன்னு பாத்து ஸ்னோ கொட்டி ஏர்போர்ட்டை மூடிட்டாங்க. ஃபிளைட் எதுவும் இறங்கலை. அப்பறம் என்ன நடந்திருக்கும்னு கண்டுபிடிக்கப் பெரிய மூளை வேணாம். பாப்கார்ன் வாங்க வந்த பஸ் டிரைவர், வயசு ஐம்பது, கிட்டத்தட்ட அதே முழி. வால்ட் அமுக்கிப் பிடிச்சு உக்கார வெச்சுட்டார்.

கியூவுல எனக்கு ரத்தம் கொதிச்சுது. அம்மா முன்னாடி நின்னு மேலங்கியை நீவி விட்டுக்கிட்டிருந்தாங்க. அவங்க காதுல விழாம, எனக்குப் பின்னாடி நின்ன வழுக்கைத்தலைக்காரர்கிட்ட பொரிஞ்சு தள்ளினேன். படம் முடியற நேரத்துக்குத்தான் நனைஞ்ச பூட்ஸோட, கையில வாடகைக் கார் சாவியோட மூச்சு வாங்க உள்ள வந்திருந்தார் மனுஷன்.

"இந்தாள் டெரல் ஃபிங்க் இல்ல சார். பஸ் டிரைவர். பச்சை ஃபிராடு."

அவர் எட்டிப் பாத்தார். "நல்லாத்தாம்மா பண்றாரு."

"அதுவா சார் விஷயம்?"

"படத்துல டெரல் ஃபிங்க் நடிச்ச நடிப்புக்கு, யார் வேணா டெரல் ஃபிங்க்கா நடிக்கலாம்."

எனக்கு வந்துச்சே கோவம். உங்களை மாதிரி ஆளுங்களாலதான் ஊர்ல பொய் கொழுத்துப்போய்த் திரியுதுன்னு ஆரம்பிச்சு நல்லா வாங்கு வாங்குன்னு வாங்கினேன். அம்மா மேஜைகிட்ட போகட்டும், எல்லார் முன்னாடியும் போட்டு உடைக்கறேன்னு சபதமே போட்டேன். அவரோ, அந்தக் குளிர்லயும் கழுத்தைத் துடைச்சுக்கிட்டு நின்ன வால்ட்டையே பாத்துக்கிட்டிருந்தார்.

அம்மா முறை வந்துச்சு.

"சார், கேபிள் கழண்டிருக்குன்னு உங்களுக்கு அப்பவே தெரியுமா?"

டிரைவர் திருதிருன்னு முழிச்சார். எந்தக் கேபிள்? அந்தாள் படத்தையே பாத்ததில்லை போல. அம்மா மூஞ்சி கொஞ்சம் கொஞ்சமா வாடுது. வால்ட் கண்ணை மூடிக்கிட்டார். நான் வாயைத் திறந்தேன்.

வழுக்கைத்தலைக்காரர் முந்திக்கிட்டார்.

"நீங்கதான் ஒரு பேட்டியில சொன்னீங்களே சார். லைட் பிடிக்கற பையன் கால் தடுக்கி கேபிள் பிடுங்கிக்கிச்சு. அவனுக்கு அதுதான் முதல் நாள் வேலை. வெளிய சொன்னா அவனைத் துரத்திடுவாங்கன்னு, தெரியாத மாதிரியே விளையாடிட்டிருந்தீங்க."

"ஆமா ஆமா," டிரைவர் மூச்சு விட்டார். "பாவம், சின்னப் பையன்."

கூட்டம் கை தட்டுச்சு. அம்மா கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. டிரைவர்கிட்ட கையெழுத்து வாங்கினாங்க. அப்பறம் திரும்பி, பின்னாடி நின்னவரைக் கொஞ்ச நேரம் பாத்துட்டு, மேலங்கி முனையை நீட்டி, நீங்களும் ஒண்ணு போடுங்கன்னாங்க. அம்மாவுக்கு ஏதோ கழண்டுடுச்சுன்னே நினைச்சேன். அவரும் சிரிச்சுக்கிட்டே போட்டார்.

கார்ல ஏறினதும் கொட்டித் தீத்துட்டேன். உனக்குக் கையெழுத்துப் போட்டது எங்க பஸ் டிரைவர், அந்த வழுக்கை அவருக்கு ஒத்து ஊதினான், நீ ஒரு ஏமாளின்னு.

அம்மா வைப்பரைப் போட்டாங்க. "டெரல் ஃபிங்க் இதுவரைக்கும் யாருக்கும் பேட்டியே குடுத்ததில்லடி."

எனக்கு உறைக்க ஒரு நிமிஷம் ஆச்சு. திரும்பிப் பாத்தேன். தியேட்டர் வாசல்ல அந்த மனுஷன், பஸ் டிரைவர் கையெழுத்துப் போட்டுக் குடுத்த போஸ்டரை நனையாம கோட்டுக்குள்ள வெச்சுக்கிட்டிருந்தார்.

"அப்பறம் ஏம்மா நீ அங்க ஒண்ணும் சொல்லலை?"

"அவரே சும்மா இருந்தாரே."