சல்லடை

பக்கவாதத்தில் விழுந்த வெண்டலின் இடது கை, மாரிட் போட்ட பந்தை மூன்றாவது முறையும் நழுவவிட்டது. பின்னால் நின்ற லோர்னா, கணவரைப் பார்த்து வாயருகே கைகுவித்துக் கத்தினாள்.

"வெண்டல்! நீ ஒரு சல்லடை! தப்பெல்லாம் உன்மேலதான்!"

பயிற்சி கொடுக்க வந்த மாரிட்டுக்குச் சுரீரென்றது. "நோயாளியை இப்படியா பேசுவீங்க? வெளியே போங்க!"

"இன்னும் ஒரே ஒரு பந்து போடும்மா," என்றாள் லோர்னா.

மாரிட் வேண்டாவெறுப்பாகப் போட்டாள். வெண்டலின் கை மெல்ல எழுந்து பந்தைக் கவ்வியது.

"காலேஜ் ஐஸ் ஹாக்கியில இவர் எதிரணி கோல்கீப்பர்," என்றாள் லோர்னா. "ஒரு கோல் விட்டாப் போதும், எங்க மாணவர் கூட்டமே எழுந்து நின்னு இதைத்தான் கத்தும். என் குரல் கேட்டா மட்டும் அடுத்ததை விடவே மாட்டார்."

வெண்டலின் கோணிய வாய் மெல்ல அசைந்தது.

"சத்தம்... பத்தல."