கழன்றுபோகும் ஓஸ்

"உங்கப்பா வேலை செஞ்ச லட்சணத்த வந்து பாரு! அடுப்படி பூரா வெள்ளக்காடு!"

பாலாம்பாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கத்தினாள். மருமகள் மாலதிக்கு முகம் சுருங்கிப் போனது.

சிதம்பரத்தில், கீழவீதியை ஒட்டிய சின்ன வீடு. பாத்ரூமில் இடம் இல்லை என்று வாஷிங் மெஷினை அடுப்படியிலேயே வைத்திருந்தார்கள். அழுக்குத் தண்ணீர் போகும் ஓஸை, சிங்க்குக்கு அடியில் இருக்கும் பைப்பில் கிளிப் போட்டு மாட்டியிருந்தது. அந்த ஓஸ்தான் மாதம் தவறாமல் கழன்றுகொண்டு மானத்தை வாங்கியது.

வேறு ஆளைக் கூப்பிடவும் பாலாம்பாள் விடமாட்டாள்.

"சம்மந்தி மாட்டுனதுதான? அவரே வந்து சரி பண்ணட்டும்."

மாலதியின் அப்பா கலியமூர்த்தி, கடலூர் சிப்காட்டில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போனபிறகு முதுநகரில் ஒண்டிக்கட்டை. பெண் கொடுத்த வீட்டுக்குச் சும்மா வரமாட்டார். வந்தாலும், பேரனோ பேத்தியோ பிறக்கும்வரை அங்கே கை நனைக்க மாட்டார். குடிக்கிற தண்ணீர்கூடக் கையோடு கொண்டுவந்த பாட்டிலில்தான். ஆனால் வேலையில் குறை என்று சொல்லிவிட்டால் போதும், அடுத்த பஸ்ஸில் வந்து நிற்பார்.

ஒவ்வொரு தடவையும் கிளம்பும்போது பாலாம்பாள் ஒரு இலைப் பொட்டலத்தைக் கொண்டுவந்து வைப்பாள்.

"கோயில் சம்பா சாதமும் கொத்சும். பிரசாதத்த வேணாம்னு சொல்லக் கூடாது."

சாமி விஷயம் என்பதால் அவரும் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கொல்லைப்படியில் உட்கார்ந்து ஒரு பருக்கை விடாமல் சாப்பிடுவார்.

அன்றும் வந்தார். சிங்க்குக்கு அடியில் தலையை விட்டுக் கிளிப்பை முடுக்கினார்.

மாலதி பக்கத்தில் குந்தி, குரலைத் தாழ்த்தினாள்.

"அப்பா, என்னப் பாக்கணும்னா சும்மா வாப்பா. வேணும்னே லூசா முடுக்கிட்டுப் போவாத. இங்க என் மானம் போவுது."

கலியமூர்த்தியின் கை அப்படியே நின்றது.

"நானா? நான் செஞ்ச வேலைய நானே கெடுப்பனா?"

ஸ்க்ரூ டிரைவரைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"இனிமே வேற ஆளப் பாத்துக்கம்மா. நான் வரல."

பாலாம்பாள் பொட்டலத்தோடு வருவதற்குள் தெருமுனையைத் தாண்டிவிட்டார்.

மாலதிக்கு அன்று சோறு இறங்கவில்லை. போன் செய்தாலும் அவர் எடுக்கவில்லை. பெற்றவரைப் போய் இப்படிக் கேட்டுவிட்டோமே என்று மனசு அறுத்துக்கொண்டே இருந்தது.

பத்துப் பதினைந்து நாள் போயிருக்கும். மார்க்கெட்டுக்குக் கிளம்பியவள் பை மறந்துபோய்ப் பாதி வழியில் திரும்பினாள்.

அடுப்படியில், சிங்க்குக்கு வெளியே இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. மெட்டி போட்ட கால்கள்.

"அத்தை?"

பாலாம்பாள் பதறிப்போய் எழுந்து, சிங்க்கில் நங்கென்று இடித்துக்கொண்டாள். கையில் ஸ்க்ரூ டிரைவர். கிளிப் தனியாகத் தொங்கியது. அடுப்பில் கத்திரிக்காய் கொத்சு கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் துடைத்து வைத்த வாழையிலை.

"அப்ப... அது கோயில் பிரசாதம் இல்லியா?"

"ஏன் இல்ல? சாமி படத்துக்குக் காட்டிட்டுத்தான் குடுக்கறேன்!" என்று தலையைத் தேய்த்துக்கொண்டே சீறினாள். "ஒண்டி மனுசன். மெஸ்ஸுல என்னத்தத் தின்னுறாரோ. 'வாங்க சம்மந்தி, சாப்புட்டுப் போங்க'ன்னு கூப்புட்டா வந்துடுவாரா? வேலை சரியில்லன்னு திட்டுனாத்தான ரோஷத்துல ஓடியாறாரு!"

மாலதி அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பினாள்.

"நான்தான் அவர அசிங்கப்படுத்தி அனுப்பிட்டனே அத்தை. இனிமே வரமாட்டேன்னுட்டாரு."

"தெரியும். நீ அவரக் கேட்டது என் காதுலயும் விழுந்துச்சு. அதான் இந்த வாட்டி முழுசா கழட்டிட்டேன். என் செல்லுல போன் போடு. 'உன்மேல தப்பில்லப்பா'ன்னு மொதல்ல சொல்லு. அப்புறம், மாமியார் கண்டபடி கத்துறாங்கன்னு சொல்லு."

மாலதி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"இப்படியே எத்தினி நாளைக்கு அத்தை கழட்டிக்கிட்டு இருப்பீங்க?"

"அத ஏன் எங்கிட்ட கேக்குற? சட்டுபுட்டுனு ஒரு பேரப்புள்ளயப் பெத்துக் குடு. அன்னிக்கே இந்தக் கிளிப்ப நானே நல்லா முடுக்கிடறேன்."